முதுநகர் ஃபீட்: சில நாள் வராத செய்தியோடையைச் சரிசெய்து, பாதிக்கு மட்டும் பூட்டுப் போட்ட விவரம்

கடலூர் முதுநகரில் விசைப்படகும் ஃபைபர் படகும் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று. அதன் இணையதளம் வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் ஓடுகிறது. பகிர்வு ஹோஸ்டிங், அப்பாச்சி சர்வர், தள மொழி தமிழ். அன்றாடம் இரண்டு வகைப் பதிவுகள் ஏறும். ஒன்று கடல் அறிவிப்பு: காற்று எப்படி, அலை எப்படி, துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு, கடலுக்குப் போகலாமா கூடாதா. இன்னொன்று ஏல விலை: அன்று காலை வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால் என்ன விலைக்குப் போனது, ஐஸ், டீசல் நிலவரம். முன்னது ஊருக்கே பொது. பின்னது சந்தா கட்டிய 40 உறுப்பினர்களுக்கு மட்டும். ஆனால் இரண்டும் ஒரே ஆர்.எஸ்.எஸ். ஃபீடில், அதாவது புதிய பதிவுகளை ஆப்புகள் தாமாக எடுத்துக்கொள்ளத் தளம் தரும் செய்தியோடையில், போய்க்கொண்டிருந்தன.

வந்த புகார்கள் மூன்று. ஃபீட் சில நாள் வருகிறது, சில நாள் வருவதே இல்லை. புதுச்சேரி தேங்காய்த்திட்டில் ஒரு குழு இந்த ஃபீடைத் தன் தளத்தில் இழுத்துக் காட்டுகிறது. காலையில் போட்ட எச்சரிக்கை அங்கே சாயங்காலம்தான் தெரிகிறது. உறுப்பினருக்கான விலை வெளியாட்கள் கைக்குப் போகிறது. அதைத் தடுக்கப் பாஸ்வேர்ட் போட்டதும் ஃபீடே நின்றுபோனது.

இந்த வரிசையிலேயேதான் பார்க்கவேண்டும். உடைந்த ஃபீடுக்குப் பூட்டுப் போட்டால், ரீடர் (ஃபீடை இழுத்துக் காட்டும் ஆப்) "ஃபீட் கிடைக்கவில்லை" என்று சொல்லும்போது கோளாறு பூட்டிலா உள்ளேயா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

முதல் ஐந்து பைட்

பிரவுசரில் ஃபீடைத் திறந்து பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு கட்டக் கூடாது. தளத்தில் லாகின் செய்திருக்கும் ஆசிரியரின் பிரவுசர் குக்கியோடு போகிறது. ரீடருக்குக் கிடைப்பதும் அவருக்குக் கிடைப்பதும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கர்ல் கட்டளையில் ஃபீடை ஒரு கோப்பாக இறக்கி, ஓ.டி. கட்டளையில் அதன் பைட்களை (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு) பதின்ம எண்களாகப் பார்ப்பதே நம்பகமான வழி.

நல்ல ஃபீட் 60 63 120 109 108 என்று தொடங்கும். அவை, ஃபீட் எழுதப்படும் வடிவமான எக்ஸ்.எம்.எல். அறிவிப்பின் முதல் ஐந்து எழுத்துகள். இங்கே வந்தது 10 60 63 120 109. அந்த 10 ஒரு வெற்று வரி. எக்ஸ்.எம்.எல். அறிவிப்புக்கு முன்னால் ஒரு இடைவெளிகூட நிற்கக் கூடாது என்பது விதி. சில ரீடர்கள் இதைப் பொறுத்துக்கொண்டு படித்துவிடும், சில அங்கேயே நின்றுவிடும். "என் போனில் வருகிறது, அவர் போனில் வரவில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறது.

வெற்று வரி வந்த இடம், சைல்ட் தீமின் (தளத்தின் தோற்றத்துக்கு நாம் சேர்க்கும் மாற்றங்கள்) ஃபங்ஷன்ஸ் கோப்பு. கடைசியில் இருந்த ?> குறிக்குப் பின்னால் இரண்டு என்டர். முடிவுக்குறியை ஒட்டி வரும் முதல் என்டரை, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி. தானே விழுங்கிவிடும், இரண்டாவது வெளியே போகும். ஒரே என்டர் இருந்தவரை கோளாறு தலைகாட்டவில்லை, யாரோ கோப்பைத் திருத்திச் சேமித்த நாளிலிருந்து ஆரம்பித்தது. அந்த முடிவுக்குறியையே அழித்துவிட்டால் தீர்ந்தது. பி.எச்.பி. மட்டும் உள்ள கோப்புக்கு அது தேவையே இல்லை.

60க்கு முன்னால் 239 187 191 என்று மூன்று எண் இருந்தால் அது கோப்பின் எழுத்து முறையைச் சொல்லும் பி.ஓ.எம். குறி, எடிட்டர் அதைச் சேர்த்தே கோப்பைச் சேமித்திருக்கிறது. ஃபீடின் தலையில் ஒன்று தனியாக நின்றால் எக்ஸ்.எம்.எல். ஏற்றுக்கொள்ளும். வெற்று வரிக்குப் பின்னால் வந்தாலோ இரட்டையாக வந்தாலோ உடையும்.

200 என்ற எண்

வெற்று வரியை எடுத்த பிறகும் "சில நாள்" புகார் போகவில்லை. எக்ஸ்எம்எல்லின்ட் கருவியில் ஓட்டிப் பார்த்ததில், யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறைப்படி இல்லாத பைட் இருக்கிறது என்று ஒரு வரி எண்ணைக் காட்டியது. அந்த வரி, பதிவின் சுருக்கம்.

தீம் செய்தவர் சுருக்கத்தை 200 எழுத்தில் வெட்ட நினைத்து, சப்ஸ்டர் என்ற ஃபங்ஷனைப் போட்டிருந்தார். அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8இல் 3 பைட். "கடலூர்" நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு குறி, 18 பைட். இடைவெளியும் எண்ணும் காற்புள்ளியும் மட்டும் ஒரு பைட்.

இனி கணக்கு. முதல் 200 பைட்டுக்குள் 20 இடைவெளிகள் இருந்தால் மிச்சம் 180. சரியாக 60 குறிகள், வெட்டு சுத்தமாக விழும். இடைவெளி 21 ஆனால் மிச்சம் 179. அதில் 59 குறிகள் 177 பைட்டை எடுத்துக்கொள்ள, 60ஆவது குறியின் 2 பைட் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அந்த அரைக்குறி ஒன்று போதும், மொத்த ஃபீடையும் ரீடர் தள்ளிவிடும். ஃபீடில் நிற்கும் கடைசிப் பத்துப் பதிவுக்குள் குறையுள்ள பதிவு இருக்கும்வரை ஃபீட் படுத்துக் கிடக்கும். அது கீழே இறங்கி வெளியேறியதும் தானாகப் பிழைத்துக்கொள்ளும். ஹோஸ்டிங்காரர்மேல் பழி போட்டு மாதக்கணக்கில் விட்டுவைத்தது இதனால்தான். ஆங்கிலத் தளத்தில் இதே கோடு ஆயுசுக்கும் ஓடும். தமிழில் மூன்றில் இரண்டு தடவை உடைவதற்கே வாய்ப்பு.

எம்பி_சப்ஸ்டர் போட்டால் பைட் உடையாது, ஆனால் எழுத்து உடையும்: ஐந்தாவது குறியோடு வெட்டினால் "கடலூர்" புள்ளியிழந்து "கடலூர" ஆகிவிடும். கிராஃபீம்_சப்ஸ்டர் அதையும் காக்கும். ஆனால் அதற்கு சர்வரில் இன்டல் நீட்சி இருக்கவேண்டும், பகிர்வு ஹோஸ்டிங்கில் அது எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லை எண்ணுவதே உத்தமம். வேர்ட்பிரஸ்ஸிலேயே இருக்கும் டபிள்யூபி_ட்ரிம்_வேர்ட்ஸ் கொண்டு 30 சொல்லில் நிறுத்தியதும் இந்தக் கோளாறு ஒழிந்தது.

தீமில் ஃபீடைத் தயாரிக்கும் அதே டெம்ப்ளேட்டில் சில்லறைக் கோளாறுகளும் இருந்தன. "டீசல் & ஐஸ்" என்ற பிரிவுப் பெயரில் & குறி அப்படியே போயிருந்தது; எக்ஸ்.எம்.எல்.லில் அதை &#38; என்று எழுதவேண்டும். எச்.டி.எம்.எல்.லில் பழகிய என்.பி.எஸ்.பி. இடைவெளிக்கு எக்ஸ்.எம்.எல்.லில் இடமில்லை, &#160; என்றே போடவேண்டும். பவர்பாயின்ட்டிலிருந்து ஒட்டிய ஒரு சுற்றறிக்கையில் 11ஆம் எண் கட்டுப்பாட்டுக் குறி ஒளிந்திருந்தது. 32க்குக் கீழே எக்ஸ்.எம்.எல். 1.0 ஏற்பது 9, 10, 13 மூன்றை மட்டும்தான். உள்ளே இருப்பதை வெறும் எழுத்தாக எடுக்கச் சொல்லும் சிடேட்டா உறைக்குள் போட்டால் எதுவும் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள்; உறை & குறியைக் காப்பாற்றும், அரைக்குறியையும் 11ஐயும் காப்பாற்றாது.

தமிழில் வந்த தேதி

ஆர்.எஸ்.எஸ். 2.0இல் பதிவின் தேதிக்குக் கட்டாயமான ஒரு வடிவம் உண்டு: ஆங்கிலத்தில் கிழமைப் பெயரின் மூன்றெழுத்து, நாள், மாதத்தின் மூன்றெழுத்து, ஆண்டு, நேரம், நேர வேறுபாடு. இங்கே டெம்ப்ளேட் தள மொழியைப் பின்பற்றி "திங்கள், 02 டிச" என்று அச்சிட்டது. மனிதர் படிக்க அழகு, ரீடருக்குப் புரியாது. புரியாத தேதியைச் சில ரீடர்கள் தாங்கள் இழுத்த நேரமாக வைத்துக்கொள்ளும், சில அடியில் தள்ளிவிடும். நேற்றைய "போகலாம்" மேலேயும் இன்றைய "போகாதே" கீழேயும் நின்றால் என்ன ஆகும் என்பதை முதுநகரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

நேர வேறுபாட்டிலும் தப்பு. உள்ளூர் நேரத்தை எடுத்து +0000 என்று முடித்திருந்தார்கள். காலை 6 மணிப் பதிவு ரீடரில் 11.30 என்று நின்றது. ஐ.எஸ்.டி. என்று எழுதுவதும் சரிவராது. அந்த மூன்றெழுத்துக்கு இந்திய நேரம் என்று மட்டும் பொருள் இல்லை. பதிவின் ஜி.எம்.டி. நேரத்தை எடுத்து +0000 என்று முடிப்பது, இல்லாவிட்டால் உள்ளூர் நேரத்தை +0530 என்று முடிப்பது: இரண்டில் ஒன்று. இங்கே முதல் வழி.

பதிவின் அடையாளமான ஜி.யு.ஐ.டி. இடத்தில் டெம்ப்ளேட் பதிவின் முகவரியை அச்சிட்டதால், தளம் எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு மாறிய அன்று பழைய பத்துப் பதிவுகளும் எல்லோர் போனிலும் புதிதாக மணி அடித்தன. பதிவு எண்ணை வைத்து மாறாத அடையாளம் தரப்பட்டது. இந்த மாற்றமும் ஒரு தடவை எல்லாவற்றையும் புதிதாகக் காட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் இதுபோன்ற வேலைக்குத் தோதானது; விசைப்படகு ஓடாததால் ஏலப் பதிவு குறைவு, குழப்பமும் குறைவு.

தேங்காய்த்திட்டில் அரை நாள் தாமதம்

புதுச்சேரிக் குழுவின் தளமும் வேர்ட்பிரஸ்தான். அங்கே ஆர்.எஸ்.எஸ். பிளாக் கொண்டு ஃபீடைக் காட்டுகிறார்கள். வேர்ட்பிரஸ் வெளி ஃபீடை இழுத்தால் அதன் நகலை வழக்கமாக 12 மணி நேரம் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்ளும். காலை 5 மணிக்கு ஒரு தடவை இழுத்துவிட்டால், 6 மணி எச்சரிக்கை மாலை 5க்குத்தான் தெரியும். முதுநகர் பக்கம் எவ்வளவு திருத்தினாலும் இது தீராது. இழுக்கிற தளத்தில், ஃபீட் கேஷ் ஆயுளைத் தீர்மானிக்கும் ஃபில்டரில் 43200 நொடியை 900 நொடியாகக் குறைக்கவேண்டும். குறைத்ததும் தாமதம் கால்மணிக்குள் வந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் கூடவே தெரிந்தது. ஃபீடில் 10 பதிவுகள் என்பது வேர்ட்பிரஸ்ஸின் இயல்பு. ஒருநாள் காலை 12 மீன்களின் விலையைத் தனித்தனிப் பதிவாக ஏற்றியதில், அதற்கு முன் போட்ட கடல் எச்சரிக்கை ஃபீடைவிட்டே வெளியே தள்ளப்பட்டது. மணிக்கு ஒரு தடவை பார்க்கும் ரீடர் அதைப் பார்க்கவே இல்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. இப்படிப்பட்ட கரையில் எச்சரிக்கையை வஞ்சிரம் விலையோடு ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. பூட்டுக்கு முன்னால் பிரித்தாகவேண்டும் என்று முடிவானது இங்கேதான். கடல் அறிவிப்பு தனி ஃபீட், 30 பதிவு, எந்தக் காலத்திலும் பாஸ்வேர்ட் கிடையாது.

பூட்டு: பலிக்காத வழிகள்

சங்கம் முன்பே மூன்று வழி பார்த்திருந்தது.

முழுத்தளத்துக்கும் லாகின் கேட்கும் ப்ளக்இன் போட்டார்கள். ரீடர் ஃபீடைக் கேட்டால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. 200 (எல்லாம் சரி) என்ற பதிலோடு எச்.டி.எம்.எல். வந்தது. ரீடருக்கு அது பாஸ்வேர்ட் கேட்பதாகவே தெரியாது, "இது ஃபீட் இல்லை" என்றது. எச்சரிக்கையும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

அடுத்து, சர்வரில் ஃபீட் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதற்குள் அப்பாச்சிக்கான விதிகளை எழுதும் .எச்டிஆக்சஸ் கோப்பில் பாஸ்வேர்ட் வைத்தார்கள். வேர்ட்பிரஸ்ஸில் /ஃபீட்/ என்பது கற்பனை முகவரி. நிஜக் கோப்போ ஃபோல்டரோ அந்தப் பெயரில் இல்லாதபோதுதான் வேண்டுகோள் வேர்ட்பிரஸ்ஸிடம் போகும். ஃபோல்டர் வந்ததும் அப்பாச்சி அதையே திறந்தது. சரியான பாஸ்வேர்ட் கொடுத்தவருக்கும் 403 (அனுமதி இல்லை).

மூன்றாவது, விலைப் பதிவு ஒவ்வொன்றுக்கும் வேர்ட்பிரஸ்ஸின் பதிவு பாஸ்வேர்ட். உள்ளடக்கம் மறைந்தது, தலைப்பு மறையவில்லை. மீன் பெயரும் கிலோ விலையும் தலைப்பிலேயே எழுதும் பழக்கம் இருந்ததால் மறைக்கவேண்டியது முழுக்க வெளியே நின்றது.

முகவரியைப் பார்த்துப் பூட்டும் எந்த முறைக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வேர்ட்பிரஸ் ஒரே பதிவைப் பல வாசல் வழியாக வெளியே தரும்: முதன்மை ஃபீட், ஆட்டம் ஃபீட், கேள்விக்குறிக்குப் பின் ஃபீட் பெயர் எழுதும் பழைய வடிவம், பிரிவு ஃபீட், குறிச்சொல் ஃபீட், எழுதியவர் ஃபீட், தேடல் முடிவின் ஃபீட், கருத்துரை ஃபீட், இவற்றோடு மற்ற நிரல்கள் பதிவுகளை எடுக்கும் வழியான ரெஸ்ட் ஏ.பி.ஐ. ஒன்றைப் பூட்டினால் எட்டு திறந்திருக்கும். அதனால் ஃபீட் தயாராகும் இடத்தில் பூட்டவேண்டும்.

பூட்டு: பலித்த வழி

விலைக்கென்று தனிப் பதிவு வகை உருவாக்கி, அதைப் பொதுவல்ல என்று குறித்தார்கள்; நிர்வாகத் திரையில் மட்டும் தெரியும். இப்படிச் செய்தால் மேலே சொன்ன ஃபீட் வாசல்கள் எதிலும் அது வராது. ரெஸ்ட் அனுமதியையும் மூடியே வைக்கவேண்டும். பொதுவல்ல என்று குறித்திருந்தாலும் ரெஸ்ட் திறந்திருந்தால், வெளியிட்ட பதிவுகள் அந்த வழியாகக் கசியும். ரெஸ்ட் மூடினால் பிளாக் எடிட்டர் வராது, பழைய எடிட்டர்தான் வரும். விலை எழுத அது தாராளம்.

பிறகு ஆட்_ஃபீட் என்ற ஃபங்ஷன் கொண்டு இந்த வகைக்கு மட்டும் ஒரு ஃபீட். பதிந்தவுடன் அமைப்புகளில் பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை சேமிக்காவிட்டால் 404 (பக்கம் இல்லை) என்றுதான் வரும். புதுப் பெயர் ஃபீடுக்கு வேர்ட்பிரஸ் சரியான உள்ளடக்க வகையைத் தானாகத் தராது, பிரவுசர் அதை ஏதோ டவுன்லோடாக எடுத்துக்கொள்ளும்; ஆர்.எஸ்.எஸ். எக்ஸ்.எம்.எல்., யு.டி.எஃப்-8 என்று பதிலின் தலைக்குறிப்பான ஹெடரில் நாமே எழுதவேண்டும்.

ஃபீடின் முதல் எழுத்தை அனுப்புமுன் பெயரும் பாஸ்வேர்டும் சோதிக்கப்படும். இல்லை, தப்பு என்றால் 401 (பாஸ்வேர்ட் வேண்டும்) என்ற பதில், கூடவே பேஸிக் முறை கேட்கும் ஹெடர். பேஸிக் முறை பாஸ்வேர்டை பேஸ்64இல் சுற்றி அனுப்புகிறது, அவ்வளவுதான், யாரும் பிரித்துவிடலாம். எச்.டி.டி.பி.எஸ். இல்லாத தளத்தில் இதைப் போடவே கூடாது.

ஒரே பாஸ்வேர்டை 40 பேருக்கும் கொடுத்தால் ஒருவர் வெளியே சொன்னதும் 40 போனிலும் மாற்றவேண்டும். ஆகவே ஆளுக்கு ஒன்று. தளத்தின் லாகின் பாஸ்வேர்டை இதற்குப் பயன்படுத்தவில்லை. ரீடர் ஆப்பில் கிடக்கும் பாஸ்வேர்ட் போனால் ஃபீட் மட்டும் போகட்டும், கணக்குப் போகவேண்டாம். 20 எழுத்து, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பும் எழுத்துகள் தவிர்த்து. தமிழ் எழுத்துப் பாஸ்வேர்டை ரீடர்கள் ஆளுக்கொரு விதமாக அனுப்பும். பயனர் பெயரில் முக்காற்புள்ளி வரக் கூடாது, பேஸிக் முறையில் அதுதான் பெயரையும் பாஸ்வேர்டையும் பிரிக்கும் குறி. சேமிப்பது பாஸ்வேர்டை அல்ல, அதிலிருந்து பாஸ்வேர்டைத் திருப்பி எடுக்கமுடியாத ஹேஷை மட்டும். 40 பேர் அரைமணிக்கு ஒரு தடவை இழுத்தால் மணிக்கு 80 சோதனை. சிறிய சர்வருக்கும் அது சுமையில்லை.

போட்டதும், சரியான பாஸ்வேர்ட் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்டது. பி.எச்.பி. இங்கே சி.ஜி.ஐ. வழியாக, அப்பாச்சிக்கு வெளியே தனி நிரலாக ஓடுகிறது, ஆத்தரைசேஷன் ஹெடரை அப்பாச்சி அதற்குக் கடத்துவதில்லை, பெயரும் பாஸ்வேர்டும் வெறுமையாகப் போய்ச் சேர்ந்தன. வேர்ட்பிரஸ் 5.6இலிருந்து .எச்டிஆக்சஸ் கோப்பில் இதைக் கடத்தும் விதி தானாக எழுதப்படும். இந்தத் தளத்தில் பழைய கோப்பையே எழுதமுடியாதபடி பூட்டி வைத்திருந்ததால் அது ஏறவில்லை. அனுமதியைத் திறந்து பெர்மாலிங்கை மறுபடி சேமித்ததும் சரியானது. பாஸ்வேர்ட் கேள்வி முடிவில்லாமல் சுற்றினால் முதலில் தேடவேண்டியது இதை.

வேர்ட்பிரஸ் இல்லாமல் ஃபீடை நிஜக் கோப்பாக வைத்திருக்கும் தளங்களுக்கு .எச்டிஆக்சஸ் வழியே போதும். பாஸ்வேர்ட் கோப்பு இணையத்துக்குத் தெரியும் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும், முழுப் பாதையையும் எழுதுங்கள். எச்டிபாஸ்டபிள்யூடி கட்டளையில் சிறிய சி கொடி புதுக் கோப்பை உருவாக்கும். இரண்டாவது ஆளைச் சேர்க்கும்போதும் அதையே போட்டால் முதல் ஆள் அழிந்துவிடுவார். பெரிய பி கொடி பிகிரிப்ட் ஹேஷுக்கு.

கேஷ் திறந்துவிடும் கதவு

பக்கங்களைக் கோப்பாகச் சேமித்துத் தரும் கேஷ் ப்ளக்இன் ஒன்று தளத்தில் இருந்தது. ஒரு உறுப்பினர் சரியான பாஸ்வேர்டோடு ஃபீடை இழுத்தால் அதன் நகல் கேஷில் விழும். அடுத்து வரும் வெளியாளுக்கு பி.எச்.பி. வரை போகாமலேயே அந்த நகல் கிடைக்கும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: 401 கேஷில் விழுந்தால் உறுப்பினரும் வெளியே நிற்பார்.

இதைச் சோதிப்பதில் வரிசை முக்கியம். பாஸ்வேர்ட் இல்லாமல் கேட்டு 401 வந்தது, பாஸ்வேர்டோடு கேட்டு 200 வந்தது, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டால் ஓட்டை தெரியாது. கேஷைக் காலி செய்து, முதலில் பாஸ்வேர்டோடு இழுத்து, அதன்பின் பாஸ்வேர்ட் இல்லாமல் கேட்கவேண்டும். இங்கே அப்போது 200 வந்தது. ஃபீட் முகவரியைக் கேஷ் ப்ளக்இனின் விலக்குப் பட்டியலில் சேர்த்து, பதிலில் நகல் வைக்காதே என்னும் நோ-ஸ்டோர் ஹெடர் வைத்து, பழைய நகல்களை அழித்த பிறகு 401 வந்தது.

விலைப் பட்டியலின் பி.டி.எஃப். இணைப்புகளும் கவனிக்கவேண்டியவை. அவை அப்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தன, ஃபீடின் பூட்டு அவற்றைத் தொடாது. முகவரி தெரிந்தால் யாரும் எடுக்கலாம். பட்டியலை ஃபீடின் உள்ளடக்கத்திலேயே அட்டவணையாக எழுதி, பி.டி.எஃப்.ஐ நிறுத்திவிட்டார்கள்.

உறுப்பினருக்குத் தரும் தாளில் கடைசி முகவரியையே அச்சிடவேண்டும்: எச்.டி.டி.பி.எஸ். சேர்த்து, தளம் எப்படியோ அப்படியே டபிள்யூ மூன்றும் இருந்தோ இல்லாமலோ, இறுதிச் சாய்கோட்டோடு. திருப்பிவிடும் வழியில் வேறு பெயருக்கு மாறும்போது சில ரீடர்கள் பாஸ்வேர்டைக் கைவிட்டுவிடும். ரீடர் தேர்விலும் கவனம் தேவை. மினிஃப்ளக்ஸ், ஃப்ரெஷ்ஆர்.எஸ்.எஸ். ஆகியவற்றில் ஒரு ஃபீடுக்கென்று பெயரும் பாஸ்வேர்டும் தனியாகக் கொடுக்க இடம் உண்டு. பாஸ்வேர்டை முகவரிக்குள்ளேயே எழுதி, பலர் பகிரும் சேவையில் சேர்ப்பது கூடாது. முகவரி வெளியே போகும்போது பாஸ்வேர்டும் போகும்.

கடைசிச் சோதனை இப்படி நடந்தது. விலை ஃபீட்: பாஸ்வேர்டோடு 200, இல்லாமல் 401, தப்பான பாஸ்வேர்டோடு 401. மற்ற ஒன்பது வாசல்களிலும் அன்றைய விலைப் பதிவில் மட்டும் வரும் ஒரு சொல்லைத் தேடியதில் எங்கும் இல்லை. கடல் அறிவிப்பு ஃபீட்: பாஸ்வேர்ட் கேட்காமல் 200, முதல் ஐந்து பைட் 60 63 120 109 108. பிறகு ஒரு சோதனைக் கணக்கை நீக்கிப் பார்த்தார்கள். அந்த ரீடர் அடுத்த தடவை இழுத்தபோது 401 வாங்கியது, மற்ற 40 பேருக்கும் விலை வந்துகொண்டிருந்தது. படகை விற்றுவிட்டுப் போகும் உறுப்பினருக்கும் அவருடைய ஃபீட் கணக்கு ஒன்றை அழித்தால் போதும்.